ஏஏ மீட்டிங்குக்கு முதல் தடவை போகிறவருக்கு

கேள்வி, சுருக்கமாக: துறையூர் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 41. பத்து வருஷமாக ராத்திரியானால் ஒரு குவார்ட்டர். போன வருஷத்திலிருந்து அது ஆஃப் ஆகிவிட்டது. காலையில் கை நடுங்குகிறது. அம்மாவுக்காகக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒருமுறை ஆறு வாரம் நிறுத்தினேன், அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஏஏ மீட்டிங்குக்குப் போகச் சொல்கிறாள் வீட்டம்மா. எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே என்ன செய்வார்கள்? காசு எவ்வளவு? தெரிந்தவன் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? எனக்குப் பக்தியெல்லாம் கிடையாது, அங்கே பஜனை மாதிரி இருக்கும் என்கிறார்களே? அடுத்த மாதம் மச்சான் கல்யாணம் வேறு வருகிறது.

பதில்:

குடிநோய் சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராகப் பல வருஷம் இருந்தவள் நான். ஏஏ உறுப்பினர் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று வைக்கிற ஓப்பன் மீட்டிங்குகளுக்குப் போயிருக்கிறேன். வார்டிலிருந்து வீடு திரும்புகிறவர்களை அங்கே அனுப்பிவைப்பதும் என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது.

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. காலையில் கை நடுங்குகிறது என்று நடுவில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கடையில் விற்கிற பிராந்தி, ரம், விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டரில் தூய ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம் இருக்கும். 375 மில்லி ஆஃப் என்றால் 125 கிராமைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு டிரிங்க் என்று எடுத்துக்கொள்வது 10 கிராமைத்தான். ஆக, நீங்கள் ராத்திரிக்கு ராத்திரி பன்னிரண்டு டிரிங்க் குடிக்கிறீர்கள். இந்த அளவுக்குப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால், 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தியே தடுமாறும். சுவரில் இல்லாத பூச்சி ஊரும். செத்துப்போன அப்பா வாசலில் நிற்பார். நடுராத்திரியில் எழுந்து கடை ஷட்டரைத் திறக்க வேண்டும் என்று சாவியைத் தேடுவார்கள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிரே போகலாம்.

"போன தடவை ஆறு வாரம் சும்மாதானே நிறுத்தினேன், ஒண்ணும் ஆகலையே" என்று தோன்றும். அப்போது அளவு குறைவாக இருந்திருக்கலாம். தவிர, நிறுத்தி நிறுத்தி மறுபடி குடிப்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் நிறுத்தும்போது தொந்தரவு கூடிக்கொண்டே போவதுண்டு. அதனால் முதலில் டாக்டர். உங்களுக்குப் பக்கம் திருச்சி புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு வாங்கி, எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள், முன்னே வலிப்பு வந்திருக்கிறதா என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வாரம் பத்து நாள் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமினை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியாது. நாலு நாள் விடாமல் குடித்துவிட்டுச் சோறு இறங்காமல் கிடக்கிறவரைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்பது நம் ஊர் வழக்கம். தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது, தயமின் தீர்ந்துபோன குடிநோயாளியின் மூளையைக் கெடுத்துவிடக்கூடும். நடையும் ஞாபகமும் நிரந்தரமாகப் போனவர்கள் உண்டு. டிரிப்ஸ் போடும் இடத்தில் "தயமின் போட்டாச்சா சார்?" என்று கேட்கும்படி உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிவையுங்கள். அதேபோல, "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்கிற பொடியையும் சொட்டுமருந்தையும் வீட்டுக்குள் விடாதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிரம் போன்ற மருந்து, தெரிந்து சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு மட்டும் டாக்டர் எழுதித் தருவது. தெரியாமல் அது உள்ளே இருக்கும்போது ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம்.

டாக்டரைப் பார்த்து முடித்த பிறகுதான் மீட்டிங் என்றில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கலாம். மாத்திரை நடுக்கத்தை நிறுத்தும். ஏழு மணிக்குக் கடையைப் பூட்டியதும் கால் தானாக எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதை மாத்திரையால் திருப்ப முடியாது. மீட்டிங்கின் உபயோகமே அந்த நேரத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் ஏஏ மீட்டிங் பெரும்பாலும் சாயங்காலம் ஆறரை, ஏழு மணி வாக்கில் ஆரம்பித்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். நீங்கள் குடிக்கிற நேரமும் அதுதான்.

கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் குடிநோயிலிருந்து எழுந்த ஒரு பங்கு வர்த்தகரும் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரும் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957இல் டெல்லி வழியாக வந்தது. இந்தியப் பொது அலுவலகம் மும்பையில் இருக்கிறது. ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் மாநிலம், ஊர்வாரியாக மீட்டிங் நாளும் நேரமும் தொடர்பு எண்ணும் இருக்கும். அதை மட்டும் நம்பிப் பஸ் ஏறிவிடாதீர்கள். இடம் கொடுத்த பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றால் மீட்டிங் பக்கத்துத் தெருவுக்கு மாறிவிடும். இணையத்தில் மாற்ற ஆள் இருக்காது. போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த எண்ணை எடுப்பவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவராகவோ வங்கியில் வேலை பார்க்கிறவராகவோ இருப்பார். அவரும் குடித்து நிறுத்தியவர்தான். ஒரு தடவை எடுக்கவில்லை என்றால் வண்டியில் இருக்கிறார் என்று அர்த்தம். திரும்பக் கூப்பிடுங்கள். கதை முழுக்கச் சொல்ல வேண்டாம். "சார், மீட்டிங் விவரம் வேணும், எனக்குத்தான்" என்றால் போதும். அந்த "எனக்குத்தான்" முக்கியம். அதைக் கேட்டதும் எதிர்முனையில் குரலே மாறிவிடும். வழி சொல்லி, வாசலில் நிற்கிறேன் வாருங்கள் என்பார்கள்.

போன் பேசக் கூச்சமாக இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் ஆலோசகரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். பல வார்டுகளுக்கு ஏஏ ஆட்களே வந்து பேசிவிட்டுப் போவார்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416, இது இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலேயே கிடைக்கும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

கூகுளில் தேடும்போது மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். "குடியை நிறுத்த" என்று அடித்ததும் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தங்கி சிகிச்சை எடுக்கும் தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்கள். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆளை அடைத்துப் போட்டு அடிக்கிறவையும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், டாக்டர் யார் என்று கேளுங்கள், வாரம் ஒருமுறை வீட்டார் நேரில் பார்க்கலாமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். "வண்டி அனுப்பறோம், தூங்கும்போது தூக்கிட்டு வந்துடுவோம்" என்று சொன்னால் பேசாமல் போனை வைத்துவிடுங்கள். ஏஏ இந்த வகையில் சேராது. அதற்கு மருத்துவமனை இல்லை, படுக்கை இல்லை, கட்டணம் இல்லை, ஆளைப் பிடித்து வருகிற வண்டியும் இல்லை. ஏஏ பெயரைச் சொல்லி யாராவது அட்மிஷன் பணம் கேட்டால் அது ஏஏ இல்லை.

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். சர்ச் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஐந்தாம் வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்ச் என்றதும் மதம் என்று நினைக்காதீர்கள், சாயங்காலம் சும்மா கிடக்கிற அறை அங்கேதான் கிடைக்கிறது. வாசலில் போர்டு இருக்காது. வாட்ச்மேனிடம் "ஏஏ மீட்டிங்" என்றால் தலையைத் தூக்காமல் கையைக் காட்டுவார். கரும்பலகையில் மதியம் போட்ட பின்னக் கணக்கு அழிக்காமல் இருக்கும். ஜன்னல் கம்பியில் சணல் கட்டி, ஏஏவின் வழிமுறையான பன்னிரண்டு படிகளைத் தமிழில் அச்சடித்த துணி பேனர் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க இடிக்கப் பத்துப் பதினைந்து ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பேன்ட் சட்டையில் ஐடி கார்டோடு வந்திருப்பார், பக்கத்தில் இருப்பவரின் லுங்கியில் சிமென்ட் தூசி இருக்கும். ஓரமாக ஒரு ஸ்டூலில் டீ கேன், பேப்பர் கப், பிஸ்கட் தட்டு.

மீட்டிங்கை நடத்துகிறவர் அன்றைக்கு மட்டும் தலைவர், அடுத்த வாரம் வேறு ஆள். சின்ன மௌனம், ஒரு பிரார்த்தனை, ஏஏ என்றால் என்ன என்று ஒரு பக்கம் படிப்பது. பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து, எப்படிக் குடித்தேன், என்ன ஆச்சு, இப்போது எப்படி இருக்கிறேன் என்று போகும். மற்றவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள், பதில் சொல்லமாட்டார்கள், அறிவுரையும் கிடையாது. ஆண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசாமல் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பதை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை. புதிதாக வந்தவர் பேசியே ஆக வேண்டும் என்றில்லை. "இன்னிக்குக் கேக்க மட்டும் வந்திருக்கேன்" என்றால் விட்டுவிடுவார்கள். பெயர்கூட முதல் பெயர் போதும், அதுவும் நீங்கள் சொல்வதுதான். ரிஜிஸ்டர் இல்லை, ஆதார் இல்லை, கையெழுத்து இல்லை. யார் என்ன பேசினார்கள் என்பது அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அதனால்தான் நான் கேட்ட கதை எதையும் இங்கே உதாரணமாகக்கூட எழுதவில்லை.

முடியும் தருவாயில் ஒரு துணிப்பையோ டப்பாவோ சுற்றி வரும். பத்து ரூபாய், இருபது ரூபாய் போடுவார்கள். டீக்கும் அறை வாடகைக்கும் அதுதான். வெளியாட்களிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏவின் பன்னிரண்டு மரபுகளில் ஒன்று. முதல் தடவை வந்தவர் போடாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. காசு விஷயம் அவ்வளவுதான்.

மீட்டிங்கில் குளோஸ்டு, ஓப்பன் என்று இரண்டு வகை. குளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். ஓப்பன் மீட்டிங்கில் மனைவி, அம்மா, நண்பர், என்னைப் போன்ற ஆலோசகர் யாரும் உட்காரலாம். நீங்கள் இரண்டுக்கும் போகலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. சாயங்காலம் ஒரு கட்டிங் போட்டுவிட்டோமே, இன்றைக்குப் போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பெரும்பாலான குழுக்களில் ஓரமாக உட்காரவைப்பார்கள், பேசமட்டும் விடமாட்டார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

தெரிந்தவன் பார்த்துவிட்டால்? கடையில் தினம் நூறு பேர் முகத்தில் விழிக்கிறவருக்கு இந்தப் பயம் நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த அறைக்குள் உங்களைப் பார்க்கிறவன் அங்கே எதற்கு வந்திருக்கிறான்? வெளியே சொல்ல வேண்டுமென்றால் முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்: டாஸ்மாக் வாசலில் உங்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் இதுவரை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் மனசு கேட்காது என்றால், முதல் சில வாரம் திருச்சியிலேயே போங்கள். துறையூர் பஸ் சத்திரம் பேருந்து நிலையத்தில் விடுகிறது. திரும்பிவர ராத்திரி கடைசி பஸ் எப்போது என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மீட்டிங்கின் கடைசிப் பத்து நிமிஷத்தை விட்டுவிட்டு ஓடிவந்தால் பாதிப் பலன் போச்சு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், என் பார்வையில் மீட்டிங்கின் உயிரே அது முடிந்த பிறகுதான். டீ கப்போடு படியில் நிற்கும்போது யாராவது பக்கத்தில் வருவார். "எந்த ஊரு? எப்ப கடைசியா?" என்பார். போன் நம்பர் எழுதித் தருவார். அந்த நம்பர்தான் நீங்கள் வாங்கப் போனது. இரண்டு பேரிடமாவது வாங்காமல் பஸ் ஏறாதீர்கள். மறுநாள் காலையில், ஒன்றும் பிரச்சினை இல்லாதபோதே, ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். கூச்சத்தைச் சும்மா இருக்கும்போதே உடைத்துவைத்தால்தான், ஷட்டரை இழுத்துவிட்டு வாய் ஊறும் நேரத்தில் விரல் அந்த நம்பருக்குப் போகும். வார்டிலிருந்து போனவர்களில் நிலைத்து நின்றவர்களைப் பார்த்தால், அழகாகப் பேசத் தெரிந்தவர்கள் என்று சொல்லமாட்டேன். போன் போடப் பழகியவர்கள் என்று சொல்வேன்.

நாளடைவில் ஒருவரை ஸ்பான்சராகக் கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள். குடிக்காமல் சில வருஷம் ஆனவராக, உங்களிடம் வியாபாரம் இல்லாதவராக, ஆணுக்கு ஆண் பெண்ணுக்குப் பெண் என்று இருப்பது நல்லது. அவர் உங்களோடு பன்னிரண்டு படிகளைப் பற்றிப் பேசுவார், உங்கள் சால்ஜாப்பை உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார். கடன் கொடுக்கல் வாங்கல், சீட்டு, கமிஷன் எதையும் அங்கே ஆரம்பிக்காதீர்கள். நட்பு முறிந்தால் மீட்டிங்கும் சேர்ந்து முறிந்துவிடும்.

முதல் தொண்ணூறு நாளில் தொண்ணூறு மீட்டிங் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. சென்னையில் இருப்பவருக்குத் தினம் ஒரு பேட்டையில் கிடைக்கும். உங்களுக்கு வாரம் இரண்டு தடவை திருச்சி போய்வந்தாலே பெரிது. மற்ற நாட்களுக்கு ஜூம் மீட்டிங் இருக்கிறது, 2020 கொரோனா ஊரடங்கில் பரவியது, தமிழிலும் நடக்கிறது. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். நேரில் போவதற்கு அது ஈடாகாது என்பது என் கருத்து, ஆனால் மழைநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வேறு எதுவும் கைக்கெட்டாது. பெண்கள் யாராவது இதைப் படித்தால்: நம் ஊரில் பல மீட்டிங்குகளில் ஒரு பெண்கூட இருக்கமாட்டார். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். தொடர்பு எண்ணில் கூப்பிட்டு, பெண் உறுப்பினர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பெண்களுக்கு மட்டுமான ஆன்லைன் மீட்டிங்குகளும் உண்டு.

இப்போது பக்தி. பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், மறைத்துப் பயனில்லை. ஆனால் "நாம் புரிந்துகொண்ட அளவில்" என்று ஒரு வாசலைத் திறந்தேதான் வைத்திருக்கிறார்கள். பஜனை, தீபாராதனை, ஞானஸ்நானம் எதுவும் கிடையாது. ஒரே பெஞ்சில் விபூதியும் தொப்பியும் சிலுவையும் கறுப்புச் சட்டையும் இருக்கும். கறுப்புச் சட்டைக்காரர்கள் பலர் படிகளில் வருகிற கடவுளுக்குப் பதிலாக அந்தக் குழுவையே எடுத்துக்கொள்கிறார்கள்: நான் ஒருத்தனாக நின்று தோற்றேன், இந்தப் பதினைந்து பேர் என்னைவிடப் பலசாலி. அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டால் அங்கே உட்காரலாம். பிரார்த்தனை நேரத்தில் வாய் திறக்காமல் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அதுவும் ஒத்துவராது என்றால் 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற மதச்சார்பற்ற முறை இருக்கிறது. ஆன்லைனில் கிடைக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

கோயில் கயிறைக் கிண்டல் செய்ய மாட்டேன். கயிறு கட்டி ஆறு வாரம், ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் என்று குடிக்காமல் இருந்தவர்கள் நிறைய. அந்த நாட்களில் எது வேலை செய்தது என்று பாருங்கள். ஊருக்கே தெரியும்படி சொல்லியிருந்தீர்கள், கூடவே விரதம் இருக்கிற ஆட்கள் இருந்தார்கள், சாயங்காலத்துக்கு ஒரு வேலை இருந்தது. கழற்றிய மறுநாள் மூன்றும் இல்லை. ஏஏவில் கழற்றுகிற தேதி கிடையாது, அதே சமயம் ஆயுசுக்கும் சத்தியம் செய் என்றும் கேட்கமாட்டார்கள். இன்றைக்கு மட்டும் குடிக்கவில்லை என்பதுதான் கணக்கு. நாளைக் கணக்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வேலை செய்யுமா என்று கேட்கத் தோன்றும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகள், 10,565 பேரை வைத்துப் பார்த்தது. ஏஏவையும், ஏஏவோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையையும் மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட்டபோது, தொடர்ந்து குடிக்காமலே இருப்பதில் அவை அதிகப் பலன் தந்தன என்பது அதன் முடிவு. அந்த ஆய்வுகள் வெளிநாடுகளில் நடந்தவை என்பதையும் மனதில் வையுங்கள். எல்லோருக்கும் ஒத்துப்போகும் என்று நான் சொல்லவில்லை. சில குழுக்களில் பழைய ஆட்கள், "மாத்திரை சாப்பிடுறதும் ஒரு போதைதான், நிறுத்துப்பா" என்பார்கள். கேட்காதீர்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது என்று ஏஏவின் சொந்தக் கையேடே சொல்கிறது. மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ எழுதிய மருந்தை டாக்டரைக் கேட்டு மட்டும் மாற்றுங்கள். ஒரு மீட்டிங் பிடிக்கவில்லை என்றால் அதோடு எல்லாவற்றையும் விட்டுவிடவும் வேண்டாம். ஒரு குழுவில் ஒருவரே முக்கால் மணி நேரம் பேசுவார், இன்னொன்றில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். நாலைந்து இடம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நம் நாட்டில் 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது பெற்றிருக்கிறார். நீங்கள் கேள்வி கேட்டதே அந்த வரிசையில் முன்னால் வந்த மாதிரிதான்.

நடுவில் சறுக்கினால் அடுத்த மீட்டிங்குக்கே போய்விடுங்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும், நாற்காலி அப்படியே இருக்கும். ஒளிந்துகொண்டு மூன்று மாதம் கழித்து வருகிறவர்களைத்தான் நாங்கள் வார்டில் பார்ப்போம்.

வீட்டம்மாவுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது, 1951இல் தொடங்கியது. அவரைத் திருத்துவது எப்படி என்று அங்கே சொல்லித் தரமாட்டார்கள். பாட்டிலைத் தேடி ஒளித்து, பாக்கெட்டைத் தடவி, "அவருக்குக் காய்ச்சல்" என்று கடனுக்கு வந்தவரிடம் பொய் சொல்லி அலுத்துப்போனவர்கள், தாங்கள் மனுஷியாக இருப்பது எப்படி என்று பேசிக்கொள்வார்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு நடத்தும் டிடிகே மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. நீங்கள் மீட்டிங்குக்குப் போகும் நாளில் வீட்டம்மா அல்-அனானுக்குப் போகட்டும். திரும்பி வந்ததும் "என்ன பேசினீங்க?" என்று இருவரும் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக மச்சான் கல்யாணம். அதற்குள் டாக்டர் பார்த்து, மூன்று நாலு மீட்டிங் போயிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முகூர்த்தத்துக்குப் போங்கள், சாப்பிடுங்கள், மொய் எழுதுங்கள். முந்தின நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் சீட்டுக்கட்டும் பாட்டிலுமாக உட்காருகிற ஜமாவுக்கு மட்டும் போகாதீர்கள். மாப்பிள்ளை வீட்டு வேலை எதையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பந்தி பார்ப்பது, காய்கறி வண்டியோடு போவது என்று ஏதாவது. "ஒரே ஒரு ரவுண்டு மாமா" என்று கையைப் பிடித்து இழுத்தால் குடியை விட்டுவிட்டேன் என்று அங்கே பிரசங்கம் வேண்டாம், பந்தயம் கட்டுவார்கள். "ஈரல்ல பிரச்சினை, டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டார்" என்றால் வாய் மூடிவிடும், நீங்கள் குடிக்கிற அளவுக்கு அது பொய்யாகவும் இருக்காது. வயிற்றைக் காயப்போடாதீர்கள், பசியிலும் கோபத்திலும்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஸ்பான்சரிடமோ நம்பர் கொடுத்தவரிடமோ முன்னாடியே சொல்லிவைத்து, ராத்திரி எட்டு மணிக்கு அவரையே உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். உங்கள் வண்டிச் சாவி வீட்டம்மா கையில் இருக்கட்டும், எந்த நேரத்தில் நீங்கள் "கிளம்பலாமா" என்றாலும் காரணம் கேட்காமல் அவர் எழுந்து வருவது என்று இரண்டு பேரும் முன்னமே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.